ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பேரும் ஒரு சூப்பர்சார்ஜரும்

 இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் என்னுடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர் தனித்தனியாக எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். இருவரும் பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். பெயர் வேண்டாம், அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு யாரென்று தெரிந்துவிடும். ஒருவன் பல வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து ஆவடிப் பக்கம் வீடு கட்டியிருக்கிறான். காலேஜ் நாளிலிருந்து கனவு கண்ட ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. காரை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டான். இன்னொருவன் அம்பத்தூரில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். முதலாமவன் அமெரிக்காவிலிருந்து அந்தக் காருக்கு ஒரு சூப்பர்சார்ஜர் கிட் வரவழைக்கப் போகிறான். அதை மாட்டித் தரவேண்டியவன் இரண்டாமவன்.

காரின் சொந்தக்காரன் கேட்டது: "டீச்சர், மூணு விதமான கிட் இருக்கு. தினமும் ஓட்டுற வண்டிக்கு எது நம்பகமா இருக்கும்?"

மெக்கானிக் கேட்டது: "டீச்சர், இந்த வேலையை நான் எடுக்கலாமா?"

இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். ஏனென்றால் உங்களில் பலர் காருக்கு ரீமேப் செய்யலாமா, டர்போ மாட்டலாமா என்று எனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்கள். இயற்பியல் டீச்சரிடம் கேட்டால் கணக்குப் போட்டுத்தான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே முப்பது வருடமாக என்ஜின்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சாலைகளில் ஓட்டுகிற, வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு நம்பிப் போகவேண்டிய காருக்கு சூப்பர்சார்ஜர் வேண்டாம். அப்படியும் ஆசை விடாது என்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் சொல்கிறேன். ஆசையே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்காக. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். என்ஜின் தன் பிஸ்டனால் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும், அந்த அளவுக்குத்தான் சக்தி. கொல்லன் உலையில் துருத்தி வைத்து ஊதுவதுபோல் காற்றை வலிய உள்ளே தள்ளினால்? அதுதான் சூப்பர்சார்ஜர். அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் 1860-இல் காப்புரிமை வாங்கிய ஊதி இயந்திரம்தான் அதன் மூத்த பாட்டன். அப்போது காரே கிடையாது. உலைக்குக் காற்று ஊதத்தான் அது பயன்பட்டது. டர்போ என்றால் புகைபோக்கியில் வீணாகப் போகும் வாயு அதைச் சுழற்றும். சூப்பர்சார்ஜர் என்றால் என்ஜினே பெல்ட் அல்லது பல்சக்கரம் மூலம் சுழற்றும். இவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏதோ அமெரிக்கச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு சூப்பர்சார்ஜர் பழைய சொந்தம். 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்க் வெளிவந்ததே, அதிலிருந்த லேலண்ட் எல்-60 என்ஜினில் ரூட்ஸ் வகை ஊதி உண்டு. அது சக்தியைக் கூட்டுவதற்காக வைத்தது இல்லை. அது டூ-ஸ்ட்ரோக் டீசல் என்ஜின். ஊதி இல்லாமல் அதனால் மூச்சே விட முடியாது. பிறகு வந்த டி-72 டாங்கின் வி-46 என்ஜினில் பல்சக்கரத்தால் சுழலும் சூப்பர்சார்ஜர். 780 குதிரைத்திறன். டி-90 டாங்கின் என்ஜினில் டர்போ. 1,000 குதிரைத்திறன். இந்த இரண்டையும் ஆவடி என்ஜின் தொழிற்சாலையில் நம் ஆட்கள் செய்கிறார்கள். உங்களில் எத்தனை பேருடைய அப்பாக்கள் அங்கே ஷிஃப்ட் போனவர்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 780-ம் 1,000-மும் ஒரே குடும்பத்து என்ஜின். 38.8 லிட்டர், 12 சிலிண்டர். அதே குடும்பத்து மூத்த என்ஜின் ஊதி எதுவும் இல்லாமல் 1940-களில் ரஷ்யாவின் டி-34 டாங்கில் 500 குதிரைத்திறன் கொடுத்தது. 500-லிருந்து 1,000 ஆவதற்கு ஏறக்குறைய அறுபது வருடம். காற்றைக் கூட்டித் தள்ளிய ஒவ்வொரு முறையும் என்ஜினின் மற்ற பாகங்களையும் அதற்கேற்ப மாற்றிப் பலப்படுத்திச் சோதித்துப் பார்த்துத்தான் அடுத்த படி ஏறினார்கள். என்ஜினிடமிருந்து எதை அதிகமாக வாங்கினாலும் சூட்டுக்கு யாராவது கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பார் என் வீட்டுக்காரர். கிட் என்பது சனிக்கிழமை பிரித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூடுகிற வேலை. அந்தக் கணக்கை யார் சொல்வார்கள்?

இன்னொன்று. ராணுவத்துக்கு அது ஏன் தேவை? நம் டாங்குகள் லடாக்கில் நிற்கின்றன. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அங்கே என்ஜினுக்கு மூச்சுத் திணறும். ஊதி வைத்தால் அர்த்தம் உண்டு. ஆவடி கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. இங்கே கடவுள் கொடுத்த காற்றே முழு அழுத்தத்தில் இருக்கிறது.

இப்போது சூட்டுக் கணக்கு. பதினொன்றாம் வகுப்பு வெப்ப இயக்கவியல் ஞாபகம் இருக்கிறதா? சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பாகம் சுடுமே, அதே பாடம்தான். சாதாரணக் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் 7 பி.எஸ்.ஐ. தள்ளுகிற கிட் என்றால் மொத்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மே மாதம், வெளிக்காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஊதியின் செயல்திறன் 65 சதவீதம் என்று எடுத்தால், அமுக்கப்பட்ட காற்று ஏறக்குறைய 95 டிகிரிக்குப் போகும். நீங்கள் என்ஜினுக்குள் தள்ளுவது கொதிநீர்ச் சூட்டிலுள்ள காற்று. சூடான காற்று விரிந்திருக்கும். அதனால் அழுத்தம் ஒன்றரை மடங்கு கூடினாலும் உள்ளே போகும் காற்றின் எடை 25 சதவீதம்தான் கூடும். இன்டர்கூலர் வைத்து அதை 60 டிகிரிக்கு இறக்கினால் 39 சதவீதம் கூடும். ஆகவே இன்டர்கூலர் இல்லாத கிட் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று யார் சொன்னாலும் நம் ஊரில் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, அந்த மூன்று வகை.

முதலாவது ரூட்ஸ் வகை. இரண்டு சுழலிகள் என்ஜினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டர் மிதித்த உடனே, குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே தள்ளும். இன்று இதில் பெரிதாகப் பேசப்படுவது ஈட்டன் நிறுவனத்தின் டி.வி.எஸ். "டீச்சர், நம்ம டி.வி.எஸ்.ஸா?" என்று கேட்டான் மெக்கானிக். இல்லையப்பா. பாடியில் பஸ் நிறுத்தம் வரைக்கும் பேர் வாங்கிய டி.வி.எஸ். வேறு, இது ஆங்கில வார்த்தைகள் சிலவற்றின் முதலெழுத்து. இந்த வகையில் தண்ணீர் ஓடும் இன்டர்கூலர் உள்ளேயே அடங்கியிருக்கும். மெதுவாகப் போகும்போது காற்றைச் சுற்றி விட்டுவிடும் பைபாஸ் வால்வு உண்டு, அதனால் சும்மா ஓட்டும்போது பெரிய தொந்தரவு இல்லை. குறை என்னவென்றால், சூடான என்ஜினின் நடுவிலேயே குடியிருப்பதால் டிராஃபிக்கில் நிற்க நிற்க அதுவும் சேர்ந்து சூடாகும்.

இரண்டாவது ட்வின் ஸ்க்ரூ. பார்க்க முதலாவதைப் போலவே இருக்கும். ஆனால் இரண்டு திருகாணிகள் ஒன்றோடொன்று பின்னிச் சுற்றி, காற்றை உள்ளுக்குள்ளேயே அமுக்கி அனுப்பும். அழுத்தம் கூடும்போது பழைய ரூட்ஸைவிடச் செயல்திறன் அதிகம். விப்பிள் என்ற பெயர் இதில் பிரபலம். விலையும் அதிகம்.

மூன்றாவது சென்ட்ரிஃபியூகல். நத்தை ஓடு மாதிரி என்ஜினின் முன்பக்கம் தொங்கும். ப்ரோசார்ஜர், வோர்டெக் என்ற பெயர்களில் வருவது இது. டி-72 டாங்கில் இருப்பதும் குணத்தில் இந்த வகைதான். இதன் அழுத்தம் சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 7,000 ஆர்.பி.எம்.மில் 8 பி.எஸ்.ஐ. கொடுத்தால், 3,500-இல் 2 பி.எஸ்.ஐ.தான். எனவே அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் இது தூங்கிக்கொண்டிருக்கும், என்ஜினுக்குத் தொந்தரவு குறைவு. ஆனால் காசு போட்டதன் பலன் வேண்டுமென்றால் என்ஜினைக் கடைசி வரை முறுக்கவேண்டும். அந்த இடத்தில்தான் என்ஜினின் பாகங்கள் ஏற்கெனவே அதிகபட்ச இழுவையில் இருக்கும். தவிர, இதன் இன்டர்கூலர் பெரும்பாலும் ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் முன்னால் போய் உட்காரும். மே மாதத்தில் பூந்தமல்லி டிராங்க் ரோட்டில் ஊர்ந்து போகும்போது அவை மூன்றும் ஒரே காற்றுக்குச் சண்டை போடும்.

அகலமான சாலையும் நல்ல பெட்ரோலும் உள்ள ஊரில் தினமும் ஓட்டும் காருக்கு எது என்று கேட்டால், நான் முதல் வகையைச் சொல்வேன். குறைந்த அழுத்தத்தில், கம்பெனி கொடுத்த புல்லியை மாற்றாமல் ஓட்டினால் என்ஜினை முறுக்காமலேயே பலன் கிடைக்கும். டெக்சாஸில், டொராண்டோவில் இருக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அங்கே காரை விற்ற கம்பெனியோடு சேர்ந்து வாரண்டியுடன் வருகிற கிட்கள் உண்டு. கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் அனுமதி எண் பெற்ற கிட்கள் உண்டு. அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உதிரியாக அங்கே ஒன்று இங்கே ஒன்று வாங்கிச் சேர்க்காதீர்கள்.

"அமெரிக்காவுல ஆயிரக்கணக்குல போட்டு ஓட்டறாங்களே டீச்சர், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று காரின் சொந்தக்காரன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பெட்ரோலில் இருக்கிறது. இந்தப் பத்தியை மட்டும் எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள்.

அவன் எனக்கு அனுப்பிய விளம்பரத்தில், குறைந்தது 91 ஆக்டேன் பெட்ரோல் போதும் என்று இருந்தது. நம் பங்கில் கிடைத்துவந்த சாதாரண பெட்ரோலும் 91 ஆக்டேன்தான். "அப்ப சரிதானே டீச்சர்?" சரியில்லை. இரண்டும் 91 என்று எழுதியிருந்தாலும் அளவுகோல் வேறு. நாம் சொல்வது ஆர்.ஓ.என். என்ற அளவு. அமெரிக்கப் பங்கில் எழுதுவது இரண்டு சோதனை அளவுகளின் சராசரி. அமெரிக்காவின் 91 என்பது நம் அளவில் ஏறக்குறைய 95, 96. நம் அளவில் 91 என்பது அங்கே போனால் 87 பக்கம், அதாவது அவர்களுடைய மலிவு பெட்ரோல். பாரன்ஹீட் 100-ஐயும் செல்சியஸ் 100-ஐயும் ஒன்று என்று நினைத்துக் கைவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

ஆக்டேன் குறைந்தால் என்ன? பிளக் போட்ட பொறியின் தீ வந்து சேரும்வரை காத்திராமல், அமுக்கத்திலும் சூட்டிலும் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். நாக்கிங் என்கிறோமே, அது. மஸ்டாங்கின் 5 லிட்டர் என்ஜினே 11-க்கு 1 அமுக்க விகிதம் கொண்டது. 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 65 லட்சம் ரூபாய் ஷோரூம் விலை, 401 குதிரைத்திறன். அமெரிக்காவில் அதே என்ஜினுக்கு 435 என்று போட்டிருந்தார்கள். கம்பெனிக்காரனே நம் நாட்டுக்கு வரும்போது குறைத்துக்கொண்டு வந்தான். நாம் அதன்மேல் இன்னும் அரை மடங்கு அழுத்தத்தை ஏற்றப் பார்க்கிறோம். சில நொடி பலமான நாக்கிங் போதும், பிஸ்டனில் உடைசல் விழ.

100 ஆக்டேன் பெட்ரோல் நம் ஊரிலும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, எல்லா பங்கிலும் இல்லை. திருத்தணியில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இருக்கும் பங்கில் இருப்பதைத்தான் போடவேண்டும். நம்பகமான கார் என்றால் வழியில் கிடைக்கும் பெட்ரோலில் வீடு வந்து சேரவேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனாலும் இருக்கிறது. எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கும், அது நல்லது. ஆனால் அந்தக் கலவைக்கு 14.7 கணக்கு சரிவராது, 13.5 பக்கம் வரும். அதாவது அதே காற்றுக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுதல் எரிபொருள் ஊற்றவேண்டும். அமெரிக்க பெட்ரோலுக்கு எழுதிய ட்யூனிங், பெட்டியோடு வரும் இன்ஜெக்டர், ஃப்யூவல் பம்ப் இவையெல்லாம் அதற்குப் போதுமா என்று இங்கே அளந்து பார்க்கவேண்டும். எழுதி அனுப்பிய ஆள் அங்கே உட்கார்ந்திருப்பான். இங்கே மழையில், வெயிலில் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. 5,000 ரூபாய்தானே என்று அவன் சிரிப்பான். இன்ஷூரன்ஸை நினைத்துப் பார்க்கட்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், கம்பெனி கையை விரிக்க நாமே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. அடிபட்டவர் குடும்பத்துக்கு இழப்பீடு யார் தருவது என்ற கேள்வி அப்புறம் வீடு தேடி வரும்.

விபத்து என்றதும் பிரேக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நல்ல சாலையில், நல்ல டயரில், பிரேக் பிடித்தபின் நிற்க ஏறக்குறைய 49 மீட்டர் வேண்டும். 140-இல் போனால் 96 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தூரம் இரண்டு மடங்கு. இது கால் பிரேக்குக்குப் போன பிறகு. புத்தி சொல்லிக் கால் போக ஒரு நொடி ஆனால் இன்னும் 39 மீட்டர். நான் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலம் பள்ளி விட்டதும் சி.டி.ஹெச். ரோட்டில் பிள்ளைகளைக் கைபிடித்துக் கடத்தி விட்டிருக்கிறேன். இன்றைக்கும் அங்கே பிள்ளைகள் கடக்கிறார்கள், அவர்களோடு மாடும் கடக்கிறது, எதிர்ப்பக்கம் ஆட்டோ வருகிறது. கிட் பெட்டிக்குள் சக்தி வரும். பிரேக்கும் டயரும் வராது, சாலையும் வராது.

ரேடியேட்டர் மூடி என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 பக்கம் வரை தள்ளிப்போடும். நம் வீட்டு பிரஷர் குக்கர் தத்துவம்தான். நம்ம சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் இந்த மூடியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே செய்து அனுப்பிய கம்பெனி. நம் பகுதியின் பெருமை என்று நான் வகுப்பில் சொன்னது இப்படிப்பட்ட விஷயங்களைத்தான். போல்ட், பிரேக், வீல், மூடி. ஒரு தடவை போட்டால் வருடக்கணக்கில் நினைக்க வேண்டாதவை. சூப்பர்சார்ஜர் போட்ட காரின் சொந்தக்காரன் தினமும் நினைத்துக்கொண்டே இருக்கவேண்டும்: பெல்ட் வழுக்குகிறதா, இன்டர்கூலர் தண்ணீர் ஓடுகிறதா, பிளக் நிறம் என்ன, ஆயில் எப்போது மாற்றினேன்.

பெரிய மனிதர்களும் இதில் சண்டை போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பென்ட்லி கார் கம்பெனியை ஆரம்பித்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் பிடிக்காது. சக்தி வேண்டுமானால் என்ஜினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. அவர் பேச்சை மீறித்தான் 1929-இல் 'ப்ளோயர் பென்ட்லி' வந்தது. இன்றைக்கும் படம் போட்டு மாட்டுவது அந்தக் காரைத்தான். ஆனால் 24 மணி நேரம் ஓடவேண்டிய லெ மான் பந்தயத்தில் 1929, 1930 இரண்டு வருடமும் ஜெயித்தது ஊதி இல்லாத 'ஸ்பீட் சிக்ஸ்'. ப்ளோயர் அங்கே ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. மஸ்டாங்கில் இருப்பதும் ஏற்கெனவே 5 லிட்டர். பத்து மாருதி 800 சேர்ந்து இழுக்கும் சக்தி அதில் இருக்கிறது. பாடி மேம்பாலத்திலிருந்து ஆவடி செக்போஸ்ட் வரைக்கும் அந்தச் சக்தியை முழுசாக எத்தனை நொடி பயன்படுத்தினாய் என்று அவனைக் கேட்டேன். பதில் வரவில்லை, ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

காரின் சொந்தக்காரனுக்கு நான் சொல்வது இதுதான். கிட்டுக்கு 7,000-லிருந்து 10,000 டாலர் வரை ஆகும். அதன்மேல் சுங்கவரி, கூலி, ட்யூனிங். அதில் ஒரு பகுதியை வைத்துக் கூலிங் சிஸ்டம் முழுக்கப் புதுப்பித்துக்கொள். நல்ல டயர், நல்ல பிரேக் பேட் போடு. உனக்கு வேகம் வேண்டுமா? பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர் வருமுன்னே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் இருக்கிறது. பயிற்சி எடு, அனுமதி பெற்று அங்கே ஓட்டு. எதிரே மாடு வராது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டு, எனக்குத் தெரியும்.

அதையும் மீறி மாட்டுவதாக இருந்தால்: முழுக் கிட் மட்டும், இன்டர்கூலர் கட்டாயம், இருப்பதிலேயே குறைந்த அழுத்தம், நம் பெட்ரோலை ஊற்றி இங்கேயே டைனோவில் ட்யூனிங், நாக்கிங் வந்தால் தானாகச் சக்தியைக் குறைக்கும் பாதுகாப்பு, ஆர்.டி.ஓ.வுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்து எழுத்தில் பதில். இதில் ஒன்று இல்லையென்றாலும் பெட்டியைப் பிரிக்காதே. கடைசி விஷயம் கிடைக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். கிடைக்காவிட்டால் அதுவே பதில்.

இனி மெக்கானிக்குக்கு. தம்பி, உன் கையில் தொழில் இருக்கிறது, சந்தேகமே இல்லை. மாட்ட உன்னால் முடியும். ஆனால் மாட்டிய மூன்றாம் மாதம் பிஸ்டன் போனால் அந்த என்ஜினுக்கு யார் பணம் கட்டுவது? கிட் கம்பெனி, தப்பாக மாட்டியிருக்கிறாய் என்று மின்னஞ்சல் அனுப்பும். ஃபோர்டு 2022-இலேயே இந்தியாவில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. மஸ்டாங் உதிரிபாகம் அம்பத்தூரில் கடைக்குக் கடை தொங்கவில்லை. உன் நண்பன் நல்லவன்தான். ஆனால் பல லட்சம் போன மனிதன் அன்றைக்கு எப்படிப் பேசுவான் என்று அவனுக்கே தெரியாது. உனக்கு ஒர்க்‌ஷாப் வாடகையும் இரண்டு பையன்களின் சம்பளமும் இருக்கிறது. நண்பனுக்கு முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு இந்த வேலையை எடுக்காதே. "டீச்சர் வேண்டாம்னுட்டாங்க" என்று என் மேல் பழியைப் போடு. அதற்குத்தானே வாத்தியார்கள் இருக்கிறோம்.

எதிர்க்கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். என்ஜின் ஃபேக்டரியில் இருக்கும் பிள்ளைகள், டெட்ராய்ட்டில் கார் கம்பெனியில் இருக்கும் நம்ம பொண்ணு, நீங்கள் கட்டாயம் எழுதவேண்டும். சூட்டுக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்து, படி படியாக எழுதினால் நல்லது; விடையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள். மஸ்டாங்கிலும் வரலாம், தெருவில் நிறுத்த இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் டீச்சர்
அம்பத்தூர்